மெத்தைக் கடையில் ஒரு முதுகு

விடிந்ததும் அண்ணி செய்த முதல் காரியம், கத்தரிக்கோலைத் தேடி எடுத்துத் தான் படுத்திருந்த மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் குறுக்கே வெட்டியதுதான்.

கடையிலேயே விலை உயர்ந்த மெத்தை அது. உறை கிழிந்துவிட்டால் மறுபடி கீழே கொண்டுபோய் விற்க முடியாது. அது தெரிந்துதான் வெட்டினாள்.

மாடியில் வீடு, கீழே மெத்தைக் கடை. போன சனிக்கிழமை ஒரு புதுத் தம்பதிக்கு மெத்தையை அழுத்திக் காட்டக் குனிந்தவள், நிமிர முடியாமல் கேள்விக்குறி மாதிரி பாதியில் நின்றுவிட்டாள். வந்த பெண் அண்ணியைப் பார்த்தாள். பிறகு வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்தாள். 'இனி முதுகுவலி இல்லை' என்று முழங்கை நீள எழுத்துகள்.

"முதல்ல உங்க வீட்டுல ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கணவனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலையே குடும்பம் கூடி முடிவெடுத்தது. அண்ணி மாடியிலேயே இருக்கட்டும், நன்றாக ஓய்வெடுக்கட்டும். முடிவெடுத்தவர்களில் அண்ணி மட்டும் இல்லை. பக்கத்து அறையில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஓய்வுக்குத் துணையாக நாளுக்கொரு மெத்தை மாடியேறியது. ஸ்பிரிங், ஃபோம், நார், ரப்பர். ஒத்துவராவிட்டால் மறுநாள் கீழே இறக்கி விற்க வேண்டுமே, அதனால் எதற்கும் உறை கழற்றப்படவில்லை. புரண்டு படுத்தால் காய்ந்த இலைகளின் மேல் யாரோ நடந்து வருவது போலச் சத்தம் கேட்கும். முதுகும் கொஞ்சமாவது அசைந்துகொண்டிருந்தது போய், மரக்கட்டையாக இறுகிவிட்டது.

கணவர் தேநீரோடு வந்து, அறை வாசலிலேயே நின்றார்.

"என்னம்மா பண்ற?"

"மெத்தைக்கு மூச்சு விட வழி பண்றேன். எனக்கும்தான்."

"தம்பி பாத்தா என்ன சொல்லுவான்?"

"ஒரு ராத்திரி இதுல படுத்துப் பாக்கட்டும். அப்புறம் சொல்லட்டும்."

அவளை முதலில் அண்ணி என்று கூப்பிட்டவன் அந்தத் தம்பிதான். அவன் கூப்பிட்டதைக் கேட்டுச் சரக்கு வண்டிக்காரர் கூப்பிட்டார், எதிர்க்கடைக்காரர் கூப்பிட்டார், கடைசியில் மெத்தை வாங்க வருகிறவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். இப்போது அவளைவிட மூத்தவர்கள்கூட அண்ணி என்கிறார்கள்.

கணவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தேநீரையே பார்த்தார். அவருக்குச் சொல்ல ஏதோ இருந்தது. சொல்ல ஏதாவது இருக்கும்போதெல்லாம் அவர் குவளைக்குள்தான் பார்ப்பார்.

"இன்னிக்கு நர்ஸ் விடுதியிலேர்ந்து வார்டன் வராங்க. எல்லா அறைக்கும் மெத்தை."

"தெரியும். போன்ல பேசி வரச் சொன்னதே நான்தானே."

"அதான். தம்பி பேசிக்கறேன்னு சொல்றான். நீ இன்னிக்கு ஒரு நாள்..."

"ஒரு நாள் ஒரு நாள்னே ஒரு வாரம் போயிடுச்சுங்க."

"திங்கக்கிழமையிலேர்ந்து ஒரு பொண்ணு வருது. விக்கிறதுக்கு. அவன்தான் பேசி வச்சிருக்கான்."

அண்ணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "எனக்குப் பதிலாவா?"

"உனக்கு உதவியா."

"நான் மாடியில, அவ கீழ. எப்படிங்க உதவி பண்ணுவா? படி வழியா தூக்கி எறிவாளா?"

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. குவளையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

அண்ணிக்குத் தெளிவாகப் புரிந்தது. இன்றைக்கு இவள் இல்லாமல் இந்த வியாபாரம் நடந்துவிட்டால், நாளைக்கு இவள் கடையில் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. திங்கட்கிழமை வேறொருத்தி அவள் நின்ற இடத்தில் நிற்பாள். இவள் மேலே நல்லபடியாகப் படுத்துக்கொண்டே இருக்கலாம்.

தேநீரைக் குடித்துவிட்டு மறுபடி மல்லாந்தவள், மாட்டேன் என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு ஒருபக்கமாகப் புரண்டு, கால்களை வெளியே விட்டு, முழங்கையை ஊன்றி எழுந்தாள். பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுத்தபடி. சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவிடம்தான் அண்ணி சில மாதமாகப் போய்க்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்து வலி இது. படம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது, மாத்திரை தின்றாகிவிட்டது. பெரிதாக எதுவும் இல்லை என்று எல்லா டாக்டர்களும் சொன்னார்கள். எதுவும் இல்லாதது எப்படி இவ்வளவு வலிக்கும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பிசியோ அம்மா சொன்னாள். "உங்க முதுகு பயந்தாங்கொள்ளி நாய் மாதிரி. எப்பவோ ஒருத்தன் கல்லால அடிச்சிருக்கான். இப்ப காத்தடிச்சாலும் குரைக்குது. குரைக்குதேன்னு வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சீங்கன்னா இன்னும் குரைக்கும். தெருவுக்குக் கூட்டிட்டுப் போங்க. கொஞ்சம் கொஞ்சமா. நல்லா இருக்கிற நாள்ல துள்ளாதீங்க, மோசமான நாள்ல சுருளாதீங்க."

ஒரு வாரமாக நாய் வீட்டுக்குள்தான் கிடந்தது.

*

மாடிப்படி நேராகக் கடைக்குள்தான் இறங்கும். வீட்டிலிருந்து தெருவுக்குப் போக வேறு வழி கிடையாது. அதனால்தான் ஒரு வாரமாக அவளால் நடக்கவும் போக முடியவில்லை. எப்போது எட்டிப் பார்த்தாலும் வாடிக்கையாளர் இருக்கிறார் என்று கீழேயிருந்து கை காட்டுவார்கள்.

கடையில் மெத்தைகள் குன்றுகளாக அடுக்கியிருந்தன. கண்ணாடி வழியே வந்த காலை வெளிச்சத்தில் பிளாஸ்டிக் உறைகள் பனி படர்ந்த மாதிரி மின்னின. நடுவில் கொழுந்தன் நின்று, ஒரு தூணிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"பத்தே நாள் மேடம். பதினோராவது நாள் முதுகுவலின்னா என்னன்னு நீங்க என்னைக் கேப்பீங்க."

அவனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் விளம்பரம். சாப்பிட்டுக் கை கழுவும்போதுகூட, திருப்திக்கு உத்தரவாதம் என்பான். வாசல் பலகை அவன் எழுதியது. அது வந்த பிறகு வியாபாரம் கூடியது உண்மை. அதனால் கடையில் அவன் குரலும் கூடியது.

அண்ணியைக் கண்டதும் பேச்சு நின்றது.

"எங்க அண்ணி கிளம்பிட்டீங்க?"

"நடக்க."

"வார்டன் வர்ற நேரம். சீக்கிரம் வந்து மேல போயிடுங்க."

"வந்து துணி மாத்திட்டுக் கீழ வருவேன். அவங்ககிட்ட நானும் பேசணும்."

விளம்பரம் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் விலைச்சீட்டுகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. வழுக்கைத் தலையோட ஒருத்தன் முடி வளர்ற எண்ணெய் வித்தா வாங்குவீங்களா?"

"எண்ணெய் முடி வளக்காதுன்னு அவனுக்குத்தானே நல்லாத் தெரியும். அவன்கிட்டதான் கேப்பேன்."

"நான் ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன்."

"உன் உதாரணத்துக்கும் ஒரு உறை போட்டு வைப்பா" என்றபடி அண்ணி தெருவில் இறங்கினாள்.

முதல் தெரு முழுக்க நாய் குரைத்தது. சலவைக் கடையின் ஜன்னலிலிருந்து நீராவி வெளியே வந்துகொண்டிருந்தது. செருப்புத் தைப்பவர் சுத்தியலைத் தூக்கி, என்ன அண்ணி ஆளையே காணோம் என்று கேட்டார். உள்ள போட்டுப் பூட்டிட்டாங்க என்றாள். அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். பள்ளிக்கூட வேலி வந்தபோது வலி உறுமலாக இறங்கியிருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை மெல்ல இருபுறமும் ஆட்டினாள். உள்ளே விளையாடிய பெண் குழந்தை ஒன்று அவளைப் பார்த்துத் தானும் ஆட்டியது.

இன்னும் இரண்டு தெரு போகலாம் போல இருந்தது. போகவில்லை. நல்லா இருக்கும்போது துள்ளக் கூடாது. திரும்பினாள்.

*

அண்ணி மாடியேறிப் போனதும் விளம்பரம் போனை எடுத்து அண்ணன் மகளைக் கூப்பிட்டான். அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். உங்க அம்மாவுக்கு முடியல, கொஞ்சம் வந்து பக்கத்துல இரு என்றான். அவள் வந்து மாடியேறிய பிறகு அண்ணனிடம் திரும்பினான்.

"அண்ணே, அந்த நார் மெத்தையெல்லாம் படி வாசல்ல நிறுத்திடலாம். கடை நெறஞ்ச மாதிரி இருக்கும்."

"படி வாசல்லயா? அவ இறங்கி வரணுமே."

"அரை மணி நேரம்ணே. வார்டன் போனதும் எடுத்துடலாம். மறுபடி அண்ணி வந்து நடுக்கடையில வளைஞ்சு நின்னா என்ன பண்ணுவீங்க?"

அண்ணன் முதல் மெத்தையைத் தூக்கினார். எத்தனையோ வருடமாகத் தூக்குகிறார், ஒவ்வொன்றின் கனமும் அவர் தோளுக்குத் தெரியும். இன்றைக்கு எல்லாமே கூடுதலாகக் கனத்தன. ஒன்றன்முன் ஒன்றாகச் செங்குத்தாக நிறுத்தினார். மேலே தளத்தில் அவள் நடக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல்வரை, அலமாரிவரை, மறுபடி ஜன்னல்வரை. கடைசி மெத்தையை நிறுத்தியதும் அந்தச் சத்தமும் கேட்காமல் போனது.

ஏதோ ஒரு வேலையை ஒழுங்காக முடித்ததுபோல அவர் கைகளைத் தட்டிக்கொண்டார். பிறகு அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையில் விட்டுக்கொண்டார்.

*

மேலே மகள் இடுப்பு பெல்ட்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இதைப் போட்டுக்கிட்டுப் படும்மா. வேலையை விட்டுட்டு ஓடி வந்திருக்கேன். சித்தப்பா பேசினதைக் கேட்டா நீ எழுந்திரிக்கவே முடியாம கிடக்கேன்னு நெனச்சேன்."

"எழுந்துதான் நிக்கறேன். பாத்தியா, தலைகூட வாரியிருக்கேன்."

அண்ணி நல்ல புடவைக்கு மாறியிருந்தாள். சுடுநீர்ப் பையை இடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து, அதில் சாய்ந்து மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். கரடி மரத்தில் முதுகு தேய்க்கிற மாதிரி இருந்தது.

"இதெல்லாம் எதுக்கும்மா? பேசாம ஓய்வெடுத்தா என்ன?"

"எடுத்தேனே. ஒரு வாரம். திருப்பிக் குடுத்துட்டேன்."

"விளையாடாத. நீ சிரிக்கிறப்பகூட மூச்சைப் புடிச்சுக்கிட்டுதான் சிரிக்கிற. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறியா? சின்னதுலேர்ந்து பாத்துட்டு இருக்கேன்."

அண்ணி அசைவதை நிறுத்தினாள். மகளின் கண்களில் நீர் திரண்டிருந்தது. ஊராரின் கண்களையெல்லாம் விளக்கடித்துப் பார்ப்பவள், தன் கண்ணை யாரும் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வலிக்குதுதான்" என்றாள் அண்ணி. "இல்லேன்னு சொல்லல. நாளைக்கும் வலிக்கும், நீ கல்யாணம் பண்ணிக்கிறப்பவும் வலிக்கும். அதுக்காகச் சிரிக்காம இருக்கணுமா? இது போனதும் வாழறேன்னு காத்துக்கிட்டு இருந்தா நான் எப்ப வாழறது?"

மகள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"படுத்தா எனக்கு வலி மட்டும்தான் இருக்கு. கடையில நின்னா வலியும் இருக்கு, கடையும் இருக்கு. எது தேவலை, நீயே சொல்லு."

"சித்தப்பா திங்கக்கிழமை யாரோ வராங்கன்னு..."

"அதான். இன்னிக்கு நான் கீழ போகலேன்னா இனி எப்பவும் போக முடியாது."

மகள் கொஞ்ச நேரம் பெல்ட்டைச் சுருட்டினாள், விரித்தாள். கடைசியில் அதைக் கட்டிலில் போட்டாள்.

"படியில நான் முன்னாடி இறங்கறேன். என் தோளைப் புடிச்சுக்கோ."

இருவரும் இறங்கினார்கள். கடைசிப் படியில் மகள் நின்றாள். படி வாசல் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சுவர்.

"அம்மா, மெத்தை அடுக்கியிருக்காங்க."

அண்ணி கையை வைத்துப் பார்த்தாள். நார் மெத்தை. கடையில் மெத்தைகளை இப்படி விளிம்பு ஒட்டிச் சரியாக நிறுத்தத் தெரிந்தவர் ஒருவர்தான். அவள் முகம் ஒரு நிமிடம் வெறுமையானது. முதுகு இல்லை, வேறெங்கோ வலித்தது.

அந்தப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. மெத்தைகளைத் தாண்டி வந்ததால் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல இருந்தது.

"போன்ல ஒரு அம்மா பேசினாங்களே, அவங்க எங்க?" வார்டனின் குரல்.

"ஊருக்குப் போயிருக்காங்க மேடம்" என்றான் விளம்பரம். "நான் சொல்றேன், இதைப் பாருங்க. எங்க கடையோட நம்பர் ஒன்."

"சரி. ஒரே ஒரு கேள்விதான். எங்க பொண்ணுங்க நாள் பூரா நோயாளிகளைத் தூக்கிப் படுக்க வைக்கிறவங்க. பாதிப் பேருக்கு முதுகுவலி. இதுல படுத்தா வலி போகுமா?"

"பத்தே நாள் மேடம். போயிடும். உத்தரவாதம்."

"போகாது" என்றாள் அண்ணி.

வார்டன் சுற்றிலும் பார்த்தார்.

"யாரு பேசறது?" என்றார் வார்டன்.

"ரேடியோ மேடம்" என்றான் விளம்பரம்.

அண்ணி திரும்பி நின்று முதுகை மெத்தைச் சுவரில் பதித்தாள். கைகளால் தள்ளினால் இடுப்புத் தாங்காது. கால்களைக் கடைசிப் படியில் ஊன்றி, முழங்காலை மடக்கி, உடம்பு முழுவதையும் ஒரே பலகையாக்கிக்கொண்டாள்.

"அம்மா, வேணாம்மா."

"வேணாம்னு சொல்றவ ஓரமா நில்லு. இல்ல, பக்கத்துல வந்து தள்ளு."

மகள் அரை நொடி நின்றாள். பிறகு செருப்பை உதறிவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து, அதேபோல முதுகைக் கொடுத்தாள். இரண்டு பேரும் மூச்சை வெளியே விட்டுக் காலால் அழுத்தினார்கள்.

சுவர் முதலில் யோசித்தது. பிறகு முன்னால் நின்ற மெத்தை, உறக்கத்தில் புரள்வதுபோல நிதானமாகச் சாய்ந்தது. அடுத்தது அதன்மேல் விழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் பெருமூச்சு விட்டுக்கொண்டு தரையில் படுத்தன. மேஜைமேலிருந்த விலைச்சீட்டுகள் பறந்தன. நடுவில் நின்ற விளம்பரம் எந்தப் பக்கம் ஓடுவது என்று தீர்மானிப்பதற்குள் ஒரு நார் மெத்தை அவனைப் பக்குவமாக உட்கார வைத்துவிட்டது.

தூசி அடங்கியபோது படி வாசலில் அண்ணி நின்றிருந்தாள், ஒரு கையால் மகளின் தோளைப் பிடித்தபடி.

வார்டன் உயரமான பெண்மணி. இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. விழுந்த மெத்தைகளையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதான் ரேடியோவா?"

"ஆமா. போன்ல பேசினதும் நான்தான்."

"ஊருக்குப் போயிட்டீங்கன்னு சொன்னாரு."

"மாடி வரைக்கும்தான் போயிருந்தேன். எனக்கு வருஷக்கணக்கா முதுகுவலிங்க. இங்க இருக்கிற எல்லா மெத்தையிலயும் படுத்தாச்சு. எதுவும் போக்கல. போக்கும்னு சொல்லி உங்களுக்கு விக்க எனக்கு வாய் வராது."

விளம்பரம் மெத்தைக்கு அடியிலிருந்து, அண்ணி என்று முனகினான்.

"அப்ப மெத்தை எதுக்கு?" என்றார் வார்டன்.

"தூங்கறதுக்கு. நல்லாத் தூங்கினா மறுநாள் வலியைச் சமாளிக்கத் தெம்பு இருக்கும். அது மட்டும்தான் மெத்தையோட வேலை. மத்த வேலை நம்மளோடது. நீங்க எப்படிப் படுப்பீங்க, ஒருக்களிச்சா, மல்லாந்தா?"

"ஒருக்களிச்சு."

"படுங்க, பாப்போம்."

வார்டன் சாவிக்கொத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, விளம்பரத்தின் நம்பர் ஒன் மெத்தையில் படுத்தார். அண்ணி குனியவில்லை. ஒரு முழங்காலை ஊன்றி இறங்கி, வார்டனின் இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே கையை விட்டாள்.

"என் கை சும்மா போயிட்டு வருது. இடுப்பு அந்தரத்துல தொங்குது. இது உங்களுக்கு ரொம்பக் கெட்டி. கெட்டியா இருந்தா முதுகுக்கு நல்லதுன்னு யாரோ கிளப்பி விட்டுட்டாங்க. அதோ, அந்த ஓரத்துல இருக்கிறதுல படுங்க."

ஓரத்தில் இருந்தது சாதாரண ஃபோம் மெத்தை. விளம்பரம் அதை எந்த வாடிக்கையாளருக்கும் காட்டமாட்டான். வார்டன் படுத்தார். அண்ணியின் கை இந்த முறை உள்ளே நுழையவில்லை.

வார்டன் கண்ணை மூடினார். அவர் மூச்சு சீரானது.

"தூங்கிட்டாங்களா?" என்று மகள் கிசுகிசுத்தாள்.

"இல்ல" என்றார் வார்டன், கண்ணைத் திறக்காமல். "நானும் நர்ஸா இருந்தவதான். எனக்கு முதுகு போனதும், ஓய்வெடுங்கன்னு சொல்லி வார்டுலேர்ந்து தூக்கி விடுதிக்கு அனுப்பிட்டாங்க. சாவிக்கொத்தைக் குடுத்து உக்கார வச்சுட்டாங்க. கோபமா வந்துச்சு. யார்கிட்ட கோபப்படறதுன்னுதான் தெரியல. எல்லாரும் அவ்வளவு அன்பா இருந்தாங்க."

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பின்னால் நின்ற கணவர் தன் செருப்பைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

வார்டன் எழுந்து சாவிக்கொத்தை மாட்டிக்கொண்டார். "மொத்தமா இன்னிக்கு எதுவும் வாங்கல. இந்த ஃபோம்ல ஒண்ணே ஒண்ணு அனுப்புங்க. நீங்களும் கூட வாங்க. எங்க பொண்ணுங்க ஒவ்வொருத்தியா படுத்துப் பாக்கட்டும், நீங்க கையை விட்டுப் பாருங்க. அப்புறம் பேசலாம்."

"அவங்களால அவ்வளவு தூரமெல்லாம்..." என்று விளம்பரம் எழுந்தான்.

"விடுதியில லிஃப்ட் கிடையாது" என்றார் வார்டன், அண்ணியிடம் மட்டும்.

"பரவால்ல. நடுநடுவுல நின்னு ஏறுவேன். உங்க பொண்ணுங்களுக்கு அவசரம் இல்லேல்ல?"

"அவங்களே அப்படித்தான் ஏறறாங்க" என்றார் வார்டன்.

*

வார்டன் போனதும் விளம்பரம் வெடித்தான்.

"எல்லா அறைக்கும் போக வேண்டிய ஆர்டர். ஒரே வார்த்தையில ஒரு மெத்தையாயிடுச்சு. அதுவும் எது, அந்த ஓரத்து ஃபோம்."

"பொய் சொல்லி வித்தா பதினோராவது நாள் எல்லாத்தையும் திருப்பி அனுப்பியிருப்பாங்கப்பா" என்றாள் அண்ணி.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. இந்தக் கடையில நான் நிக்கிறதா, அண்ணி நிக்கிறதா?"

அண்ணன் விழுந்த விலைச்சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றாள் அண்ணி கணவரிடம். "அந்தச் சுவத்தை அடுக்கினது யாரு?"

அவர் நிமிர்ந்தார். பார்ப்பதற்குக் கையில் குவளை எதுவும் இல்லை.

"நான்தான்."

"அவன் சொன்னானா?"

"அவன் சொன்னான். அடுக்கினது நான்தான்."

அண்ணி தலையை ஆட்டினாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அண்ணனிடமிருந்து பதில் வராது என்று தெரிந்ததும் விளம்பரம் போனை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றான்.

அப்போதுதான் அண்ணியின் முதுகு பிடித்துக்கொண்டது. இடுப்பிலிருந்து தொடைவரை ஒரு கம்பி இறுகியது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை, மகளின் தோளில் நகம் மட்டும் பதிந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல. தள்ளாதேன்னு சொன்னேன்ல."

"சொன்னே. சொல்லிட்டு நீயும்தானே தள்ளின."

"மேல கூட்டிட்டுப் போலாம்" என்று கணவர் ஓடிவந்தார். "மெதுவா. நான் தூக்கிக்கறேன்."

"வேணாம். இங்கயே."

"இங்கயா? தெருவுல போறவங்க எல்லாம்..."

"இங்கயேதாங்க. மேல போனா மறுபடி கீழ வர விடமாட்டீங்க."

விற்பனை மேஜைக்கு முன்னால், வெறும் தரையில், கண்ணாடிக்கு நேராக அவள் மெல்ல இறங்கி மல்லாந்து படுத்தாள். மகள் ஒரு நாற்காலியை இழுத்துவந்து அம்மாவின் கெண்டைக்கால்களை எடுத்து அதன்மேல் வைத்தாள். மாடிக்கு ஓடிச் சுடுநீர்ப் பையைக் கொண்டுவந்தாள். சுற்றிலும் இவ்வளவு மெத்தைகள் இருக்க, அண்ணி தரையில் கிடந்தாள். மூச்சை நீளமாக வெளியே விட்டாள். இது உடைவது இல்லை, குரைப்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாய் நம்பவில்லை. நம்பும்வரை சொல்லத் தீர்மானித்தாள்.

கணவர் அவளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வந்து நின்று, வெளியே தெரியாதபடி மறைத்துக்கொண்டார்.

"நகருங்க" என்றாள். "வெளிச்சம் வரட்டும்."

அவர் நகர்வதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தபோது கதவு திறந்தது. டாக்ஸி ஓட்டுநரின் சீருடையில் ஒருவர். இடது கையை இடுப்பில் வைத்தபடி உள்ளே வந்தவர், தரையைப் பார்த்து நின்றார்.

"என்னங்க ஆச்சு இவங்களுக்கு?"

கணவர் வாயைத் திறந்தார். இதற்கு முன்பெல்லாம் சொன்ன பதில்கள் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. தலை சுத்தல். ஏதோ கீழே விழுந்துவிட்டது, தேடுகிறாள். ஒன்றுமில்லை.

"முதுகுவலி" என்றார்.

ஓட்டுநர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வெளிய பலகையில வேற மாதிரி போட்டிருக்கே."

"அது என் தம்பி எழுதினது" என்றார் கணவர். குரல் முதலில் தடுமாறியது, பிறகு நேரானது. "இது என் சம்சாரம். உங்களுக்கு மெத்தை இவங்கதான் காட்டுவாங்க. இந்தக் கடையில வேற யாருக்கும் அவ்வளவா தெரியாது. கொஞ்சம் உக்காருங்க."

சொல்லிவிட்டுக் கண்ணாடியை விட்டு ஓரமாக நகர்ந்தார். தெருவின் வெளிச்சம் அண்ணியின் முகத்தில் விழுந்தது. மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரறதா?" என்றார் ஓட்டுநர். "உக்காந்து உக்காந்துதாங்க எனக்கு இந்த வலியே வந்துச்சு. நிக்கறேன்."

"நிக்கவும் வேணாம்" என்றாள் அண்ணி, தரையிலிருந்து. "கடையைச் சுத்தி நடந்துட்டு இருங்க. எந்த மெத்தையையும் தொடாதீங்க. அதுக்குள்ள நான் எழுந்துடுவேன்."

ஓட்டுநர் ஒரு கணம் தயங்கினார். பிறகு சொன்னபடி நடக்கத் தொடங்கினார்.

அண்ணி தலையைச் சற்றே திருப்பினாள். கண்ணாடிக்கு அப்பால், எதிர்ப்பக்கத்தில், விளம்பரம் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். தோளில் பையை மாட்டிய இளம்பெண் ஒருத்தி அவனிடம் வந்து ஏதோ கேட்டாள். அவன் கையை நீட்டிக் கடையைக் காட்டினான். திங்கட்கிழமை வர வேண்டியவளோ என்னவோ; அதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அந்தப் பெண் தெருவில் இருபுறமும் பார்த்துவிட்டுக் கடையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

அண்ணி ஒருபக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றினாள்.